தேறி வரும் உடம்புக்குக் கைப்பின்னல்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை எப்போது, கஞ்சி எப்போது, அடுத்து எப்போது வர வேண்டும் என்றெல்லாம் எழுதித் தருகிறார்கள். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை அந்த ஆள் என்ன செய்வார் என்பது மட்டும் எந்தச் சீட்டிலும் இருக்காது.

தூத்துக்குடிப் பக்கத்துக் கீழவைப்பார் போன்ற கடற்கரை ஊர்களில் இது இன்னும் கஷ்டம். விடியுமுன் கடலுக்குப் போனவர், சங்கு குளித்தவர், மீன்கூடை சுமந்து ஊர் ஊராக விற்றவர் என்று எல்லோருமே உடம்பை ஓட்டிப் பழகியவர்கள். அவர்களைக் கட்டிலில் படுக்கச் சொன்னால் மூன்றாம் நாளே எரிச்சல் வந்துவிடும். "சும்மாதானே இருக்கீங்க மாமா, படுங்க" என்று வீட்டார் சொல்லும்போது அந்தச் 'சும்மா' நோயைவிட அதிகம் குத்தும்.

வீட்டிலேயே தேறும் காலம்

ஒரு காலத்தில் காசநோய் என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கை ஓய்வு. அதை மாற்றியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-ல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் நெருக்கடியான வீட்டில் இருப்பவரும் சானடோரியத்தில் இருப்பவருக்கு இணையாகக் குணமாகிறார் என்று 1959-ல் காட்டியது. அதன்பின் உலகம் முழுக்க வீட்டுச் சிகிச்சை பரவியது. வழக்கமான காசநோய்க்கு இன்று மருந்து ஆறு மாதம். நோயாளி இருப்பது வீட்டில். நேரமும் வீட்டில்தான் போக வேண்டும். இதய அறுவை, பக்கவாதம், புற்றுநோய்ச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

கைவேலை என்ன செய்கிறது

அந்த நேரத்தைக் கைவேலையால் நிரப்புவது புதிய யோசனை அல்ல. முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குக் கூடை முடையவும் துணி நெய்யவும் பின்னவும் சொல்லித் தந்தார்கள். செயல்வழிச் சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) தனித் துறையாக வளர்ந்ததில் அந்தப் போர்க்கால மருத்துவமனைகளுக்கு முக்கிய இடம் உண்டு. விரலும் மணிக்கட்டும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூட்டு இறுகாமல் இருக்கிறது. கண் கண்ணியை எண்ணுகிறது. மனம் அதில் நிற்கும் நேரத்தில் வலியும் நாளைய ஸ்கேன் பற்றிய பயமும் கொஞ்சம் ஒதுங்குகின்றன.

2013-ல் பிரிட்டனின் செயல்வழிச் சிகிச்சை இதழில் ஓர் ஆய்வு வந்தது. பல நாடுகளிலிருந்து 3,545 பின்னலாளர்கள் பதில் சொன்னார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். ஆனால் இது பின்னல் பிடித்தவர்களே தங்களைப் பற்றிச் சொன்னது. பின்னல் நோயைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

எனக்கு இதில் பெரிதாகப்படுவது வேறு. நோயாளிக்கு எல்லாவற்றையும் மற்றவர்கள் செய்கிறார்கள்: ஊட்டுகிறார்கள், தூக்கி உட்கார வைக்கிறார்கள், ஊசி போடுகிறார்கள். நாள் முழுக்க வாங்கிக்கொண்டே இருக்கும் கை, நான்கு விரற்கடை அளவுக்காவது ஒன்றைத் தானாகச் செய்து வைக்கிறது.

உல்லன் இல்லாத பின்னல்

பின்னல் என்றதும் உல்லன் நூலும் ஸ்வெட்டரும் நினைவுக்கு வரும். தூத்துக்குடி வெயிலில் மடியில் உல்லனை வைத்துக்கொண்டு உட்காருவது தண்டனை. இந்தக் கரைக்குப் பின்னல் புதிதும் அல்ல. நைலான் வலை இயந்திரத்திலிருந்து வருமுன் வலையைக் கையால்தான் முடைந்தார்கள். இன்றும் கிழிசலைச் சரிசெய்யக் கைதான் வேண்டும். ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலத்தில் கரையெங்கும் அந்த வேலையைப் பார்க்கலாம். தெற்கே மணப்பாட்டில் பெண்கள் பனை ஓலையில் கூடை முடைகிறார்கள். இன்னும் தெற்கே இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல்லின் மனைவி எலைசா 19-ஆம் நூற்றாண்டில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுத் தந்தார். நாகர்கோவிலில் அதைத் தொடங்கியவர் எலைசாவின் தாய் மார்த்தா மால்ட். ஒயர் கூடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சின் பெயர் தெரியாத தெருவே இல்லை.

ஆனால் எல்லாம் ஒரே உழைப்பு அல்ல. பருத்தி நூலில் குரோஷா ஊசியால் பின்னுவதுதான் இலேசு. பலவீனமான கைக்கு அதிலிருந்து தொடங்கலாம். ஈர ஓலை அடுத்தது. ஒயரை ஒவ்வொரு முடிச்சுக்கும் இழுத்து இறுக்க வேண்டும், விரல் நோகும். வலை நூல் தோலை அறுக்கும். கடைசியாக அதற்கு வரலாம். ஊசி மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கட்டும், உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். ஆண்கள் கூச்சப்பட ஒன்றும் இல்லை. வலையைத் தொட்ட கைக்கு நூல் என்ன அந்நியமா?

யார் எதில் கவனமாக இருக்க வேண்டும்

தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். முதுகுக்குச் சாய்மானம், முழங்கைக்குக் கீழே தலையணை, நல்ல வெளிச்சம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். அறுவைக்குப் பின் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. ஒரு பக்கக் கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோயிலும் சில புற்றுநோய் மருந்துகளாலும் விரல் மரத்துப்போகும். ஊசி குத்தியதே தெரியாது. இரத்த வெள்ளணு குறைந்திருக்கும்போது சிறு குத்தலும் சீழ் பிடிக்கலாம். இவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மழுங்கிய முனை ஊசியையே வைத்துக்கொள்ளட்டும். டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய் இணைப்பு செய்த கையில் நூலைச் சுற்றக் கூடாது, பாரமும் வைக்கக் கூடாது. இதய அறுவை செய்தவர் நெஞ்செலும்பு கூடும் வரை ஒயரை இழுக்கவே வேண்டாம். கண்புரை அறுவை என்றால் கண் மருத்துவர் சொன்ன பிறகு.

சிக்குன்குனியா வந்து போன கைக்குக் காலையில் விறைப்பு இருக்கும். வெந்நீரில் கையை நனைத்து, விறைப்பு தளர்ந்தபின் பின்னலாம். மூட்டு சிவந்து வீங்கியிருந்தால் அன்று விடுமுறை. இரவில் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்தால் மணிக்கட்டு நரம்பு நெருக்கப்படுவதாக இருக்கலாம். பின்னலை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பக்கவாதம் வந்தவர், எந்தக் கையால் எதைப் பிடிப்பது என்று இயன்முறை சிகிச்சையாளரிடமே கேட்கலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். காசநோய் நூல் வழியாகப் பரவாது, காற்றில்தான் பரவும். திண்ணையில் உட்கார்ந்து பின்னுவது நல்லது.

எதிலும் விருப்பமில்லாமல், ஊசியைத் தொடவே மனமில்லாமல் இரண்டு வாரம் ஓடினால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம். டெலி மனஸ் எண் 14416, அழைப்பு இலவசம்.

ஆர்டர் வரும், ஜாக்கிரதை

ஒரு கூடை நன்றாக வந்துவிட்டால் போதும். "மதினி, எனக்கும் ஒண்ணு, கோயில் கொடியேத்தத்துக்குள்ள" என்று பக்கத்து வீட்டிலிருந்து தொடங்கும். பிறகு தேதி வரும், கலர் வரும், இரவில் கண்விழிப்பு வரும். வருமானம் வேண்டிய வீட்டில் இதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் தேறி வரும் மாதங்களில் யாருக்கும் நாள் குறித்துக் கொடுக்க வேண்டாம். அலுத்துப்போய் நடுவில் நிறுத்திய கூடை மூலையில் கிடக்கட்டும். வீட்டார் அதை எடுத்து முடித்துக் கொடுக்காமல் இருந்தால் சரி.