கையசைத்தால் ஆடும் பெட்டி: புதுமையா, பழைய சரக்கா?

பூண்டியில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு வீடியோ கேம் எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். ‘புத்தம் புதிய கண்டுபிடிப்பு’ என்று அட்டையில் அச்சிட்ட சரக்கு மலையேறி நம் கடைக்கும் வருகிறது. எது உண்மையான புதுமை, எது புது மொந்தையில் வந்த பழைய கள் என்று பிரித்தறியாவிட்டால் முடங்குவது நம் முதல்தான். அதை விளக்க இந்த விளையாட்டுப் பெட்டியின் கதை நல்ல உதாரணம்.

பெட்டிக்குள் இருந்தது என்ன?

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889-இல் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் நிண்டெண்டோ. 2006 நவம்பரில் அது ‘வீ’ என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. டி.வி.யுடன் இணைத்து, கையில் பிடித்த கோலை மட்டைபோல் வீசினால் திரையில் பந்து பறக்கும். உலகமே வியந்தது.

ஆனால் அசைவை அறியும் சில்லு, விபத்தின்போது காரில் காற்றுப்பை விரிவதற்காக 1990-களிலேயே பயன்பட்டது. பெட்டியின் மையச் சில்லும் அந்நிறுவனத்தின் 2001-ஆம் ஆண்டுப் பெட்டியின் வழிவந்ததே. கையசைவில் ஆடும் எண்ணமும் புதிதல்ல. 1989-இல் அமெரிக்காவில் மேட்டல் நிறுவனம் விற்ற ‘பவர் குளோவ்’ என்ற கையுறையும் இதற்காகவே வந்து, நிலைக்காமல் போனது.

நம் நாட்டிலும் முன்னோடி உண்டு. பெங்களூரில் உருவான ‘சிம்ப்யூட்டர்’ என்ற கையடக்கக் கணினி 2004-இல் கடைக்கு வந்தது. அதைச் சாய்த்தால் திரையில் குண்டு உருளும் விளையாட்டு அதில் இருந்தது. ‘வீ’ வருவதற்கு இரண்டாண்டு முன்பே! ஆயினும் விற்பனை சில ஆயிரங்களோடு நின்றது.

புதுமை எங்கே?

‘வீ’ பத்துக் கோடிக்கு மேல் விற்றது. காரணம் எளிது. போட்டியாளர்கள் ஏற்கெனவே விளையாடும் இளைஞர்களுக்காக விலையுயர்ந்த பெட்டிகள் செய்தார்கள். அமெரிக்காவில் சோனியின் பெட்டி 499 டாலரில் தொடங்கியது; ‘வீ’ 249 டாலர். அதுவரை பொத்தான்களைக் கண்டு ஒதுங்கியிருந்த தாய்மார்களும் தாத்தா பாட்டிகளும் கோலை வீசினார்கள். பழைய பாகங்களைக் கொண்டு புதிய வாடிக்கையாளரைப் பிடித்ததே அதன் புதுமை.

அது நிலைத்ததா? 2012-இல் வந்த அடுத்த பெட்டியான ‘வீ யூ’ சுமார் 1.35 கோடிதான் விற்றது. கோலே வேண்டாம், உடலசைவே போதும் என்று 2010-இல் மைக்ரோசாப்ட் கொண்டு வந்த ‘கினெக்ட்’ முதல் அறுபது நாளில் 80 லட்சம் விற்றது; 2017-இல் உற்பத்தியே நின்றது. வேடிக்கைக்கு வாங்கியவர் மறுமுறை வரவில்லை.

நமக்கு என்ன?

நம் மலைப்பூண்டைப் பாருங்கள். பூண்டி, பூம்பாறை, மன்னவனூர் பக்கத்தில் பாட்டன் காலத்திலிருந்து விளைவது. புகையூட்டிப் பாதுகாப்பதும் பழைய முறை. 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடு பூண்டை மாற்றவில்லை. பெயர் கேட்டு வாங்கும் புதிய வாடிக்கையாளரை நம் பக்கம் திருப்பக் கூடியது அது. அந்த மூட்டையில் சமவெளிப் பூண்டைக் கலந்தால் அவர் ஒருமுறைதான் வாங்குவார். ‘கினெக்ட்’ கதைதான் நம் கதையும்.

ஆகவே புதிய சரக்கைக் கொள்முதல் செய்யுமுன் மூன்று கேள்விகள் கேட்போம். இதுவரை நம் கடைக்கு வராத யாரை இது வரவழைக்கும்? அவர் தரக்கூடிய விலையா? அடுத்த மாதமும் அதையே கேட்டு வருவாரா?

மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வராத சரக்கில் ஒரு பெட்டி வாங்கிப் பார்க்கலாம். பத்துப் பெட்டி வேண்டாம்.