எழுத்தால் கட்டிய உலகம்!

கதை படிக்கும்போது, 'அந்த வீரனுக்குப் பதில் நான் போயிருந்தால்...' என்று நினைத்ததுண்டா, குட்டீஸ்? அந்த ஆசையைக் கணினியில் நிறைவேற்றினார்கள் இரண்டு கல்லூரி மாணவர்கள்.

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர் ராய் ட்ரப்ஷா. பலர் ஒரே நேரத்தில் நுழைந்து விளையாடும் கதை உலகை, 1978ல் உருவாக்கத் துவங்கினார். அதன் பெயர், 'மட்!' 1980ல் அந்தப் பொறுப்பை நண்பர் ரிச்சர்ட் பார்ட்டிலிடம் ஒப்படைத்தார்.

இதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். நீங்கள் நிற்கும் இடத்தைத் திரை வர்ணிக்கும். 'வடக்கே போ', 'வாளை எடு' என்று தட்டச்சு செய்தால், கதை நகரும். எதிரே வருபவர், வேறு ஊரில் இருந்து விளையாடும் உண்மையான மனிதராக இருப்பார்! புதையலைத் தேடியெடுத்து, சதுப்பு நிலத்தில் போட்டால் புள்ளிகள் கிடைக்கும். நிறையப் புள்ளி சேர்த்தால், மந்திரவாதி ஆகலாம்.

பல்கலைக்கழகக் கணினிக்கு வேலை குறைந்த பின்னிரவில், வெளியூர்க்காரர்கள் தொலைபேசி வழியே இணைந்து விளையாடினர்.

பார்ட்டில் எளிய குடும்பத்துப் பிள்ளை. பிறப்பையும், பேச்சையும் வைத்து ஆளை எடை போடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. 'மட்' உலகில் யார் எந்த வீட்டுப் பிள்ளை என்பது யாருக்கும் தெரியாது. அங்கே அறிவும், நடத்தையும் மட்டுமே கணக்கு!

இன்று பலர் சேர்ந்து விளையாடும் பெரிய கணினி விளையாட்டுகளுக்கு, இதுவே முன்னோடி.

இதை விளையாடக் கணினிகூட வேண்டாம். ஒருவர் இடத்தை வர்ணியுங்கள். மற்றவர்கள், 'நான் என்ன செய்கிறேன்' என்று சொல்லுங்கள். எல்லாரையும் சேர்த்துக் கொள்ளுங்கள், செல்லங்களே!