கலிங்கை உயர்த்துமுன் மாதிரி கட்டிப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிக் கலிங்கு வழியத் தொடங்கியதும், ஆயக்கட்டு விவசாயிகளிடையே ஆண்டுதோறும் ஒரு பேச்சு எழுகிறது. இவ்வளவு தண்ணீரும் வீணாகப் போகிறதே, கலிங்கை ஓர் அடி, ஒன்றரை அடி உயர்த்தினால் என்ன என்பதே அந்தப் பேச்சு. சில ஊர்களில் பேச்சோடு நிற்பதில்லை. இரவோடு இரவாகக் கலிங்கின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கிவிடுகிறார்கள். ஏரி உள்வாயில் பட்டா நிலம் வைத்திருப்பவர்களும், கரையின் கீழே குடியிருப்பவர்களும் மறுநாள் சண்டைக்கு வருகிறார்கள்.

உயர்த்த வேண்டும் என்ற ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. நீர்ப்பரப்பு 100 ஏக்கர் உள்ள ஏரியில் ஓர் அடி தண்ணீர் கூடுதலாக நின்றால் அது 100 ஏக்கர் அடி. ஆவியாவதிலும் கசிவிலும் பாதி போனாலும், மீதியைக் கொண்டு 300 ஏக்கருக்கு 2 அங்குல உயரம் ஒரு தடவை பாய்ச்சலாம். கதிர் வெளிவரும் சமயத்தில் அந்த ஒரு தண்ணீர் கிடைக்காமல் நெல் பதராகப் போவதைக் கண்ட கடைமடை விவசாயிக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் கலிங்கு என்பது உபரி நீர் போவதற்கு விட்ட வழி மட்டுமல்ல. ஏரிக்கரையின் உயிர் அதில்தான் இருக்கிறது. மண்கரையின் மேல் தண்ணீர் ஏறி வழிந்தால் கரை அரித்து உடைய அதிக நேரம் ஆகாது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வட மாவட்டங்களிலும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் பெய்த பெருமழையில் பல ஏரிகளும் குளங்களும் உடைந்தன. 2023இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. சங்கிலித் தொடராக அமைந்த ஏரிகளில் மேல் ஏரி உடைந்தால் அந்த வெள்ளமும் கீழ் ஏரியின் மீதே வந்து விழும்.

உயர்த்தலாமா, கூடாதா, உயர்த்தினால் எவ்வளவு என்பதை வாய்ச்சண்டையால் முடிவு செய்ய இயலாது. ஊரார் அனைவரும் கண்ணால் பார்த்து முடிவு செய்ய ஒரு வழி உண்டு. கலிங்கையும் அதை ஒட்டிய கரையையும் சிறிய அளவில், அளவு பிசகாமல், களத்து மேட்டில் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்ப்பதே அது.

மாதிரி ஆய்வு புதிதல்ல

பெரிய அணைகளுக்கு இம்முறை நெடுநாளாகக் கையாளப்படுகிறது. கப்பல்களின் சிறிய உருவங்களைத் தொட்டியில் இழுத்துப் பார்த்து, மாதிரிக்கும் உண்மைக்கும் உள்ள விகிதத்தை 19ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஃப்ரூடு. நம் நாட்டில் புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய நீர், மின்சக்தி ஆராய்ச்சி நிலையம் 1916இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டி நீரியல் ஆய்வு நிலையம் உள்ளது. அணைகள், மதகுகள், உபரிநீர்ப் போக்கிகள் ஆகியவற்றின் மாதிரிகளை அங்கே கட்டி, தண்ணீர் விட்டு ஆராய்கிறார்கள். அதே விதிகளைக் கொண்டு ஓர் ஊர் ஏரியின் கலிங்குக்கும் எளிய மாதிரி செய்யலாம்.

அடிக்கு முக்கால் அங்குலம்

மாதிரியை 16இல் ஒரு பங்காகக் கட்டுவது வசதியானது. அதாவது உண்மையில் ஓர் அடி இருப்பது மாதிரியில் முக்கால் அங்குலம். கொத்தனாரும் தச்சரும் இந்த அளவை எளிதில் பிடித்துக்கொள்வார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று உயரத்தை மட்டும் கூட்டினால் கணக்கு கெட்டுவிடும்.

இந்த விகிதத்தில் மாதிரியில் ஓடும் நீரின் வேகம் உண்மையில் 4இல் ஒரு பங்கு. நேரமும் 4இல் ஒரு பங்கு. மாதிரியில் 2 மணி நேரம் ஓடுவது உண்மையில் 8 மணி நேர வெள்ளத்துக்குச் சமம். நீரின் அளவோ 1024இல் ஒரு பங்குதான். ஆகையால் ஒரு பம்புசெட் தண்ணீரைக் கொண்டே பெரு வெள்ளத்தைக் காட்டிவிடலாம்.

மாதிரியை இதைவிட மிகச் சிறியதாகச் செய்யக் கூடாது. கலிங்கின் மேல் தண்ணீர் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக ஓடினால், வெள்ளத்தைப் போல் பாயாமல் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வழியும்.

முதலில் ஏரியை அளக்க வேண்டும்

மாதிரி எவ்வளவு சரியாக இருக்கும் என்பது ஏரியில் எடுக்கும் அளவைப் பொறுத்தது. கலிங்கின் நீளம், தலைமட்டம், அதன் மேல் நட்டிருக்கும் குத்துக்கற்களின் பருமன், இடைவெளி, கீழ்ப்புறத் தளம், போக்குக்காலின் அகலம், ஆழம் ஆகியவற்றை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். கரையின் உயரத்தை அளக்கும்போது எல்லா இடத்திலும் பார்த்து, மிகத் தாழ்ந்த இடத்தின் உயரத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். மாடும் வண்டியும் ஏறி இறங்கித் தேய்ந்த இடத்தில்தான் தண்ணீர் முதலில் வழியும். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தால் போதுமானது. ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம், பெருவெள்ள மட்டம், கலிங்கு வெளியேற்ற வேண்டிய வெள்ள அளவு ஆகியவற்றைப் பொறியாளரிடம் கேட்டுப் பெற வேண்டும். 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள ஏரிகளுக்கு நீர்வளத் துறையையும், அதற்குக் குறைந்தவற்றுக்கு ஊராட்சி ஒன்றியத்தையும் அணுகலாம்.

எடுத்துக்காட்டாக ஓர் ஏரியைக் கொள்வோம். கலிங்கின் நீளம் 32 அடி. கரையின் தாழ்ந்த இடம் கலிங்குத் தலைக்கு மேல் நாலரை அடி. பெருவெள்ளத்தில் கலிங்கின் மேல் 2 அடி தண்ணீர் ஓடும். அப்போது விநாடிக்கு ஏறத்தாழ 280 கன அடி வெளியேறும். கரையில் இரண்டரை அடி மிச்சம் இருக்கும். அலை அடிப்பதற்கும் கரை அமுங்குவதற்கும் விட்ட இடம் இது.

மாதிரியில் இந்தக் கலிங்கின் நீளம் 24 அங்குலம். கலிங்கின் மேல் ஓடும் நீர் ஒன்றரை அங்குலம். வெள்ளம் விநாடிக்கு 7.7 லிட்டர். 200 லிட்டர் பீப்பாய் 26 விநாடியில் நிரம்பும் அளவுக்குக் குழாயைத் திறந்துவிட்டால் அதுவே இந்த ஏரியின் பெருவெள்ளம்.

கட்டும் முறை

கரை முழுவதையும் கட்ட வேண்டியதில்லை. கலிங்கும் அதன் இரு பக்கத்திலும் 40 அடிக் கரையும் இருந்தால் போதும். இது மாதிரியில் 7 அடி அகலம் ஆகிறது. ஏரிப் பக்கம் 6 அடி, போக்குக்கால் பக்கம் 5 அடி, தண்ணீர் வந்து விழும் தொட்டிக்கு 2 அடி என்று 13 அடி நீளம் விட வேண்டும். பம்புசெட்டுக்கு அருகில், வழியும் தண்ணீர் வயலுக்கோ கிணற்றுக்கோ திரும்பும் இடமாகப் பார்த்துக்கொண்டால் தண்ணீர் வீணாகாது.

சுற்றுச்சுவரைச் செங்கல்லும் மண்சாந்தும் கொண்டு எழுப்பி, உட்புறம் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பலாம். கலிங்கைச் செங்கல் வைத்துச் சிமெண்டு பூசி வழுவழுப்பாக்கலாம். தலைமட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மயிரிழையும் சாயாமல் இருக்க வேண்டும். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு சாய்ந்தாலும் அது உண்மையில் 2 அங்குலம். குத்துக்கற்களுக்கு மரக்குச்சிகளை அளவாகச் சீவி நடலாம். கரையைக் களிமண்ணால் போட்டுத் திமிசு கட்டையால் இறுக்க வேண்டும். கலிங்கின் கீழ்த்தளத்துக்கு அப்பால் போக்குக்காலில் மணலைப் பரப்பி மட்டமாக்க வேண்டும்.

பம்புத் தண்ணீர் நேரே கலிங்கின் மேல் பாயக் கூடாது. தொட்டிக்கும் ஏரிக்கும் இடையே சல்லிக் கற்களைக் குவித்து வைத்தால், தண்ணீர் அதன் வழியே ஊறி அலையின்றி வந்து சேரும். ஏரிப் பக்கச் சுவரில், கலிங்குக்கு அரை அடிக்குக் குறையாத தூரத்தில், ஓர் அளவுகோலைப் பொருத்தி, கலிங்குத் தலைமட்டத்தைச் சுழி என்று குறிக்க வேண்டும். கலிங்கின் ஓரத்தில் அளந்தால் நீர்மட்டம் சரிந்திருப்பதால் அளவு குறைவாகக் காட்டும்.

நான்கு ஓட்டங்கள்

முதல் ஓட்டத்தில் கலிங்கைச் சுத்தமாக வைத்துப் பெருவெள்ளத்தை விட வேண்டும். அளவுகோலில் நீர் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் நிற்கும். நின்றால் மாதிரி சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள். அதிக வேறுபாடு இருந்தால் மட்டத்தையும் நீரின் அளவையும் திருத்திக்கொண்டு மறுபடி ஓட்ட வேண்டும்.

இரண்டாவது ஓட்டத்தில் மணல் மூட்டைக்குப் பதிலாக 1⅛ அங்குல உயரமுள்ள மரச் சட்டத்தைக் கலிங்கின் மேல் பொருத்த வேண்டும். இது ஒன்றரை அடிக்குச் சமம். அதே வெள்ளத்தை விட்டால் நீர்மட்டம் 2⅝ அங்குலத்துக்கு ஏறும். கரையில் மிச்சம் முக்கால் அங்குலம். அதாவது உண்மையில் ஓர் அடிதான்.

மூன்றாவது ஓட்டத்தில் சட்டத்தை அப்படியே வைத்து, குச்சிகளுக்கிடையே மூன்றில் ஒரு பங்கு நீளத்தைச் செத்தையும் சேறும் கொண்டு அடைக்க வேண்டும். வெள்ளத்தில் வேலிக்காத்தான் கிளைகளும் ஆகாயத்தாமரையும் வந்து குத்துக்கற்களில் சிக்குவது ஒவ்வோர் ஊரிலும் நடப்பதே. இப்போது கரையில் மிச்சம் கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். உண்மையில் அரை அடி கூட இல்லை. ஒரு முறத்தால் தண்ணீரைத் தள்ளி அலை எழுப்பினால் போதும், களிமண் கரையின் மேல் நீர் ஏறி, வாய்க்கால் போல் அரித்து, சற்று நேரத்தில் கரை திறந்துகொள்ளும். மூட்டை அடுக்கியவர்களும் அதை எதிர்த்தவர்களும் இந்த ஓட்டத்தைச் சேர்ந்து நின்று பார்க்க வேண்டும்.

நான்காவது ஓட்டம் வழி தேடுவதற்கானது. சேமிப்பைக் கூட்டவும் வேண்டும், பெருவெள்ள மட்டம் கூடவும் கூடாது என்றால் கலிங்கின் நீளத்தைக் கூட்ட வேண்டும். அரை அடி உயர்த்துவதற்கு 32 அடிக் கலிங்கு ஏறத்தாழ 49 அடியாக வேண்டும். மாதிரியில் 37 அங்குலம். ஓர் அடி உயர்த்துவதற்கோ ஏறத்தாழ 91 அடி வேண்டும். ஏனெனில் கலிங்கின் மேல் ஓடும் நீரின் உயரம் பாதியானால் வெளியேறும் தண்ணீர் பாதியாவதில்லை, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடுகிறது. நேராக நீட்ட இடமில்லாத ஏரிகளில் தலைச்சுவரை மடித்து மடித்துக் கட்டி நீளத்தைக் கூட்டும் முறையும் உண்டு. அதன் பலன் நீரின் உயரத்துக்கேற்ப மாறுவதால், மாதிரியில் ஓட்டிப் பார்ப்பது மிகவும் அவசியம்.

மாதிரி காட்டாதவை

மாதிரியை நம்பும்போது அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். தளத்துக்குக் கீழே மணல் எந்த இடத்தில் அரிக்கிறது என்பதை மாதிரி காட்டும். எவ்வளவு ஆழம் அரிக்கும் என்பதை அதிலிருந்து கணக்கிடக் கூடாது. மணல் துகளை நாம் 16இல் ஒரு பங்காகச் சிறுக்கவில்லை. களிமண் கரை எவ்வளவு நேரத்தில் உடைகிறது என்பதையும் ஏரிக்குப் பொருத்திப் பார்க்க இயலாது. கரையின் உள்ளே நடக்கும் கசிவு, எலி வளை, நண்டு வளை, மர வேர் ஆகியவற்றால் வரும் கேடும் மாதிரியில் தெரியாது. மேல் ஏரி உடைந்து கணக்குக்கு மீறி வரும் வெள்ளத்துக்கு வேறு ஓட்டம் ஓட்ட வேண்டும். ஆகவே மாதிரியில் கண்டதைப் பொறியாளரிடம் காட்டி, அவர் கணக்கோடு ஒப்பிட்ட பின்பே முடிவு செய்ய வேண்டும். துறையின் அனுமதியின்றிக் கலிங்கின் உயரத்தை மாற்றக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

செலவில்லாத வேலைகளை முதலில் செய்ய வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் குத்துக்கற்களுக்கிடையே உள்ள செத்தை, செடி, பழைய மூட்டைகளை அகற்ற வேண்டும். போக்குக்காலை அடைத்திருக்கும் முட்செடிகளை வெட்ட வேண்டும். கரையின் தாழ்ந்த இடங்களில் மண் போட்டு இறுக்கி, சரிந்த அலைகற்களைத் திரும்ப அடுக்க வேண்டும். பருவமழையின் வேகம் தணிந்த பிறகு, குத்துக்கற்களுக்கிடையே பலகையோ புல்கரணையோ வைத்துச் சிறிது நீரைத் தேக்குவது பழைய வழக்கம். பொறியாளரின் ஒப்புதலோடு, அடுத்த மழைக்குமுன் எடுத்துவிடும் ஏற்பாட்டோடு மட்டுமே அதைச் செய்ய வேண்டும்.

2000ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைந்துள்ள ஊர்களில், சங்கத்தின் மூலம் பொறியாளரை அழைத்து மாதிரியைக் காட்டலாம். சங்கம் இல்லாத ஊர்களில் ஆயக்கட்டுதாரர்கள், உள்வாய் விவசாயிகள், கரையோரக் குடியிருப்பினர் ஆகிய மூன்று தரப்பிலும் பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏரி வற்றியிருக்கும் சித்திரை, வைகாசி மாதங்களே அளவெடுக்கவும் மாதிரி கட்டவும் ஏற்ற காலம். அப்போது தொடங்கினால், மழை வருமுன் கலிங்கைப் பற்றி ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்.