சட்டம் எழுதப்பட்ட நாளும் அது நிறைவேறிய நாளும்: அமெரிக்க வரலாற்றைக் கரிசல் மண்ணிலிருந்து வாசித்தல்

அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகள் என்று பாடநூல்கள் தரும் பட்டியல் நமக்குப் பழக்கமானது. 1776 விடுதலைப் பிரகடனம், 1861 உள்நாட்டுப் போர், 1865 அடிமைமுறை ஒழிப்பு, 1964 குடிமை உரிமைகள் சட்டம். கோவில்பட்டி வட்டாரத்துக் கல்லூரி மாணவர்களோடு சட்டம் குறித்து உரையாடும்போது இப்பட்டியலை நான் பலகையில் எழுதுவதுண்டு. அதன் கீழே 1995 ஆகஸ்ட் 31 என்றும் எழுதுவேன். கொடியங்குளம் தாக்கப்பட்ட நாள் அது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி உடனே எழும். அக்கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். ஒடுக்கப்பட்டோருக்கு ஆதரவாக ஒரு சட்டம் இயற்றப்படும்போது திருப்பம் தொடங்குகிறது, அவ்வளவுதான். அது நிறைவு பெறுமா, பின்னுக்குத் தள்ளப்படுமா என்பதை அடுத்து வரும் பத்தாண்டுகள் தீர்மானிக்கின்றன. அச்சட்டத்தை நிறைவேற்றும் கை யாருடையது, எதிர்ப்பு கிளம்பும்போது அந்தக் கை உறுதியாக நிற்குமா என்பதே கேள்வி.

பஞ்சு இணைத்த இரு நிலங்கள்

கரிசல் காட்டுக்கும் அமெரிக்காவுக்குமான உறவு பஞ்சில் அமைந்தது. 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, வட மாநிலங்களின் கடற்படை தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. அதுவரை பிரிட்டிஷ் ஆலைகளின் பஞ்சுத் தேவையில் ஏறத்தாழ முக்கால் பங்கை அமெரிக்க அடிமைத் தோட்டங்களே நிறைவு செய்துவந்தன. அந்த வரத்து நின்றதும் லங்காஷயர் ஆலைகளின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. பருத்தி விலை பன்மடங்கு உயர்ந்தது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியான திருநெல்வேலிப் பஞ்சும் அந்தச் சந்தையின் பகுதியாக இருந்தது. 1865-ல் போர் முடிந்தது, விலையும் சரிந்தது. விலை ஏறிய காலத்தில் ஆதாயம் வணிகருக்கும் நிலவுடைமையாளருக்கும் சென்றது. களையெடுத்துப் பருத்தி பறித்தவர்கள் நிலமற்றவர்களாகவே நீடித்தனர்.

இங்கே ஒரு சட்ட உண்மையைக் கவனிக்க வேண்டும். அடிமைமுறையைச் சட்டப்படி மறுத்ததில் பிரிட்டிஷ் இந்தியா அமெரிக்காவுக்கு முந்தியது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவர் மற்றொருவரின் அடிமை என்ற உரிமைக்கோரலை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. 1862-ல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஆயினும் பண்ணையாள் முறை தொடர்ந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1843-க்கும் 1976-க்கும் இடையே 133 ஆண்டுகள். சட்டத்தின் தேதியை மட்டும் மனப்பாடம் செய்பவருக்கு இந்த இடைவெளி கண்ணில் படாது.

பன்னிரண்டு ஆண்டுகளில் கைவிடப்பட்ட புரட்சி

அமெரிக்காவில் 1865-ன் 13-ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868-ன் 14-ஆவது திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பையும் வழங்கியது. 1870-ன் 15-ஆவது திருத்தம் நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. அதே ஆண்டில் ஹைரம் ரெவல்ஸ் என்னும் கறுப்பினத்தவர் மிசிசிப்பியிலிருந்து செனட்டுக்குச் சென்றார். மறுசீரமைப்புக் காலம் எனப்படும் இக்காலத்தில் தென் மாநிலங்களில் கூட்டாட்சிப் படை நிறுத்தப்பட்டிருந்தது.

1876 குடியரசுத் தலைவர் தேர்தல் தகராறில் முடிந்தது. அதைத் தீர்க்க ஏற்பட்ட சமரசத்தின் விளைவாக, 1877-ல் தென் மாநிலங்களில் எஞ்சியிருந்த படைகள் அரசியல் களத்திலிருந்து விலக்கப்பட்டன. மூன்று திருத்தங்களில் ஒன்றுகூட நீக்கப்படவில்லை. அவை அரசியலமைப்பில் அப்படியே இருந்தன. நிறைவேற்றும் கைதான் விலகிக்கொண்டது. வாக்குரிமை வரிகளாலும் எழுத்தறிவுத் தேர்வுகளாலும் பறிக்கப்பட்டது. 1896-ல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றமே "தனியே, ஆனால் சமமாக" என்ற கோட்பாட்டை ஏற்றது. அமெரிக்க வரலாற்றின் ஆகப்பெரும் திருப்புமுனை எது என்று என்னைக் கேட்டால், 1865-ஐக் காட்டிலும் 1877-ஐயே சொல்வேன்.

நிலத்துக்கும் இதே கதிதான். 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் பிறப்பித்த ஆணை, விடுவிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை நிலம் தர வழி செய்தது. அவ்வாண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களைப் பழைய உரிமையாளர்களிடமே திரும்பச் சேர்த்தார். தமிழகத்தில், செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் ஆவணத்தில் பஞ்சமியாகவும் அனுபவத்தில் பிறருடையதாகவும் இருப்பதை நாம் அறிவோம்.

செழிப்பைத் தண்டித்தல்

1921 மே 31 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கிரீன்வுட் என்னும் கறுப்பினக் குடியிருப்பு தாக்கப்பட்டது. கடைகள், விடுதிகள், நாளிதழ், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் என்று தன்காலில் நின்ற பகுதி அது. ஒரு கறுப்பின இளைஞர்மீது சுமத்தப்பட்ட பழி சாக்காக அமைந்தது. வெள்ளையர் கும்பலில் பலருக்கு நகர நிர்வாகமே துணைக்காவலர் அதிகாரம் வழங்கியிருந்தது. மறுநாளுக்குள் 1,200-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன.

1995 ஆகஸ்ட் 31 அன்று ஓட்டப்பிடாரம் வட்டத்தைச் சேர்ந்த கொடியங்குளத்தில் நிகழ்ந்ததை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். அவ்வாண்டு ஜூலையில், வீரசிகாமணி அருகே பேருந்தில் ஏற்பட்ட ஒரு தகராறிலிருந்து தென் மாவட்டங்களில் மோதல்கள் பரவின. அதன் தொடர்ச்சியாக ஏறத்தாழ 600 காவலர்கள் பட்டப்பகலில் ஊருக்குள் நுழைந்தனர். வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைத்தவர்களின் பணத்தால் ஓரளவு நிமிர்ந்த தலித் கிராமம் அது. தொலைக்காட்சிப் பெட்டிகளும் தையல் இயந்திரங்களும் மின்விசிறிகளும் நொறுக்கப்பட்டன. கடவுச்சீட்டுகளும் கல்விச் சான்றிதழ்களும் எரிக்கப்பட்டன. குடிநீர்க் கிணறு பாழாக்கப்பட்டது.

எரிக்கப்பட்ட பொருள்களின் பட்டியலே அத்தாக்குதலின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. கடவுச்சீட்டு, பண்ணையாரின் கூலியை நம்பாமல் வாழ்வதற்கான வழி. சான்றிதழ், சாதித்தொழிலிலிருந்து வெளியேறுவதற்கான வழி. ஓக்லஹோமாவிலும் ஓட்டப்பிடாரத்திலும் தாக்குதலுக்கு இலக்கானது முன்னேற்றமே.

சட்டம் படிப்போர் மற்றொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் இயற்றப்பட்டு 1990 ஜனவரி 30-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் 1995 மார்ச் 31-ல் அறிவிக்கப்பட்டன. கொடியங்குளம் தாக்கப்பட்டது சரியாக ஐந்து மாதங்களுக்குப் பிறகு. சட்டமும் இருந்தது, விதியும் இருந்தது. அவற்றை நிறைவேற்ற வேண்டிய துறையே கதவுகளை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

வாக்குச்சீட்டும் அரசின் உறுதியும்

1873-ல் லூசியானா மாநிலத்தின் கோல்பாக்ஸ் ஊரில், தேர்தல் முடிவையொட்டி நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் கிடைத்த சில தண்டனைகளும் 1876-ல் உச்ச நீதிமன்றத்தின் குரூக்ஷாங்க் தீர்ப்பில் கலைந்தன. மதுரை மாவட்டம் மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று, தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியின் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் கொல்லப்பட்டனர். இங்கே ஆயுள் தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டிலும் நிலைத்தது. ஆனால் 2019-ல் 13 பேர் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டனர். அங்கே நீதிமன்றம் கலைத்ததை இங்கே நிர்வாகம் தளர்த்தியது.

1997-லேயே மற்றொரு பின்வாங்கலும் நிகழ்ந்தது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயர் தாங்கிய பேருந்துகளுக்கு எதிராகச் சாதிய எதிர்ப்பு வெடித்தது. இறுதியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டப்பட்டிருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு நீக்கியது. பார்வைக்கு நடுநிலையான முடிவு. வன்முறையால் அரசைப் பணிய வைக்கலாம் என்ற பாடமே அதிலிருந்து மிஞ்சியது.

அரசு உறுதியாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954-ல் பிரௌன் வழக்கில் தீர்ப்பு வந்தது. 1957-ல் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குள் ஒன்பது மாணவர்கள் நுழைய, குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்ப நேர்ந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் முடக்கப்பட்டது. பெயரளவில் நடந்தாலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் உடனே பதவி விலகுவார். 2006-ல் அரசும் மாவட்ட நிர்வாகமும் முனைந்து நின்றபோது அதே ஊர்களில் தேர்தல் நடந்தது. இடையில் எந்தச் சட்டமும் மாறவில்லை.

ஒப்பீட்டின் எல்லை

இனமும் சாதியும் ஒன்றல்ல. ஒரே மொழி, ஒரே நிறம், அடுத்தடுத்த தெரு என்றிருந்தும் சாதி பிரிக்கிறது. அதற்குச் சமய ஒப்புதலும் உண்டு. என்றாலும் இரு போராட்டங்களும் ஒன்றையொன்று நெடுங்காலமாகக் கவனித்தே வந்துள்ளன. ஜோதிராவ் பூலே 1873-ல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை எதிர்த்த அமெரிக்கர்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-ல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-ல் மும்பையில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே அமெரிக்காவின் பிளாக் பேந்தர்ஸ் இயக்கத்திலிருந்து பெற்றது.

நம் முன்னுள்ள வேலை

பெற்ற உரிமை தானாக நிலைக்காது. 1965-ன் வாக்குரிமைச் சட்டத்தில், பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்களைக் கண்காணித்த ஏற்பாட்டை 2013-ல் ஷெல்பி தீர்ப்பு செயலற்றதாக்கியது. 2018 மார்ச் 20 அன்று நம் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கைது நடைமுறையை நீர்த்துப்போகச் செய்தது. ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்துச் சட்டத்தின் வலுவை மீட்டது. அந்த மீட்பு தெருவில் தொடங்கியது.

எனவே மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17-ஆவது விதிப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அது கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 16-ஆவது விதிப்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும், அதையும் கேளுங்கள். பிணை விசாரணை உட்பட ஒவ்வொரு நடவடிக்கையின்போதும் பாதிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்கிறது 15-ஏ பிரிவு. அது வழங்கப்பட்டதா என்று நீதிமன்றத்தில் கவனியுங்கள். கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்க 4-ஆவது பிரிவு உண்டு. நிர்வாக விசாரணையின் பரிந்துரை தேவை என்ற அதன் நிபந்தனை எத்தனை பேருக்குத் தப்பிக்கும் வாசலாகிறது என்பதைப் பதிவு செய்யுங்கள்.

1877-ல் கைவிடப்பட்ட உரிமைகளை மீட்க அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. கரிசல் மண்ணில் 1995 மீண்டும் நிகழாமல் காக்கும் பொறுப்பு, கூட்டம் நடந்ததா என்று கேட்டு எழுதும் ஒரு மனுவிலிருந்து தொடங்குகிறது.