போதைப்பொருள் வழக்கு: எடைக்கல்லில் நிற்கும் தனிமனித உரிமை

ஒருவரிடம் ஒரு கிலோவுக்குக் குறைவாகக் கஞ்சா பிடிபட்டால் அதிகபட்சம் ஓராண்டுக் கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டிவிட்டால் குறைந்தபட்சமே 10 ஆண்டு. 20 ஆண்டு வரையும் போகலாம். ஹெராயினுக்கு இந்த வரம்புகள் 5 கிராம், 250 கிராம். போதைப்பொருள் வழக்கில் தண்டனையை மட்டுமல்ல, ஜாமீன் கிடைக்குமா என்பதையும் தராசுதான் பெருமளவு முடிவு செய்கிறது.

‘என் உடம்புக்குள் எதைச் செலுத்தினால் அரசுக்கு என்ன?’ என்ற கேள்வி பல நாடுகளில் நீதிமன்றப் படியேறியிருக்கிறது. இந்தியாவில் தினந்தோறும் எழுவது வேறு கேள்வி. குற்றவாளி என்று தீர்ப்பு வருமுன்பே ஒருவரின் சுதந்திரத்தை எவ்வளவு தூரம் பறிக்கலாம்? புகைப்பவரை மட்டுமல்ல, சந்தேகத்தில் சிக்கும் எவரையும் தொடும் கேள்வி இது.

சட்டம் வந்த வழி

கஞ்சாவுக்கு இங்கே முழுத் தடை வந்து நாற்பது ஆண்டுதான் ஆகிறது. 1893-94இல் ஆங்கிலேய அரசு அமைத்த ஆணையம், அளவாகப் பயன்படுத்துவதால் பெரிய கேடில்லை, முழுத் தடை தேவையில்லை, வரியும் உரிமமும் போதும் என்று பரிந்துரைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் பல மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகள் நடந்தன. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தம், மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் கொடுத்தது. அந்தக் கெடு நெருங்கியபோது, 1985இல் ராஜீவ் காந்தி அரசு போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அதிலும் ஒரு விலக்கு உண்டு. சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூ, காய்ப்பகுதிகளைத்தான். பூ சேராத இலை அதில் அடங்காது. அதனால் இலையை அரைத்துச் செய்யும் பாங், வட மாநிலங்கள் சிலவற்றில் உரிமக் கடையிலேயே விற்கிறது. ஒரே செடியில் இலை கலால் துறைக்கும் பூ குற்றவியல் நீதிமன்றத்துக்கும் போகின்றன.

முதலில் வந்த சட்டம் கையில் இருந்த அளவைப் பெரிதாகப் பார்க்கவில்லை. சிறு வியாபாரிக்கும் பெரிய கடத்தல்காரருக்கும் 10 ஆண்டு என்ற நிலை இருந்தது. சிறு அளவு, வணிக அளவு என்ற பிரிவினை 2001 திருத்தத்தில்தான் வந்தது.

நிரூபிக்கும் சுமை யார் தலையில்?

பொதுவாகக் குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. இந்தச் சட்டத்தின் 35, 54ஆம் பிரிவுகள் அதைப் பாதியில் திருப்பிப் போடுகின்றன. பொருள் கைவசம் இருந்தது நிரூபணமாகிவிட்டால், தெரிந்தேதான் வைத்திருந்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்ட வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர். உச்ச நீதிமன்றம் 2008இல் இந்தப் பிரிவுகளை ஏற்றுக்கொண்டாலும், முதல் அடியை அரசுத் தரப்பே ஐயமின்றி நிரூபிக்க வேண்டும் என்று வரம்பு கட்டியது.

ஜாமீன் இதைவிடக் கடினம். வணிக அளவு வழக்கில் 37ஆம் பிரிவின்படி, இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே வந்தால் குற்றம் செய்ய மாட்டார் என்றும் நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். சாட்சி விசாரணையே தொடங்காத நிலையில் இதைக் காட்டுவது எளிதல்ல. விசாரணை இழுத்தால் தண்டனைக்கு முன்பே ஆண்டுகள் சிறையில் கழிந்துவிடும். ஏழு ஆண்டுக்கும் மேலாக விசாரணைக் கைதியாக இருந்த ஒருவருக்கு 2023இல் ஜாமீன் வழங்கிய உச்ச நீதிமன்றம், தேவையற்ற தாமதம் நேரும்போது 37ஆம் பிரிவு குறுக்கே நிற்க முடியாது என்றது.

தமிழ்நாட்டில் இன்னொரு அடுக்கும் உண்டு. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டம் போதைப்பொருள் குற்றவாளிகளையும் உள்ளடக்கியது. அதன்கீழ் விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம்.

தமிழ்நாட்டு வழக்கு தந்த தீர்ப்பு

போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய பாதுகாப்பு. போதைப்பொருள் வழக்குகளில் அதைச் சுற்றிப்போக ஒரு வழி இருந்தது. மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு அதிகாரிகள் ‘போலீஸ் அல்ல’ என்ற வாதத்தில், 67ஆம் பிரிவின்கீழ் அவர்கள் எழுதி வாங்கிய வாக்குமூலத்தை வைத்தே தண்டனைகள் விழுந்தன. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன மேல்முறையீட்டில், 2020 அக்டோபரில், நீதிபதி ரோஹின்டன் நாரிமன் தலைமையிலான அமர்வு 2-1 என்ற பெரும்பான்மையில் அந்த வழியை அடைத்தது. விசாரித்து வழக்குப் போடும் அதிகாரம் உள்ள இவர்களும் போலீஸ் அதிகாரிகளே, வாக்குமூலம் செல்லாது என்றது.

பயன்படுத்துபவர் நோயாளியா, குற்றவாளியா?

சட்டம் இரண்டும்தான் என்கிறது. 27ஆம் பிரிவு பயன்படுத்துவதையே குற்றமாக்கி, பொருளைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஓராண்டு வரை சிறை விதிக்கிறது. 64ஏ பிரிவோ, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால், பயன்பாட்டுக்காகவோ சிறு அளவுக்காகவோ வழக்கைத் தொடராமல் விலக்கு அளிக்கிறது. ஆனால் சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் விலக்கு ரத்தாகலாம். திரும்பத் திரும்ப விழுந்து எழுவது அடிமைத்தனத்தின் இயல்பு என்பது மருத்துவர்கள் அறிந்தது.

வெளிநாடுகளைப் பார்த்தால், தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் 2018இல், வயது வந்தவர் தனி இடத்தில் கஞ்சா பயன்படுத்துவதைக் குற்றமாக்குவது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்றது. ஜெர்மனி நீதிமன்றம் 1994இல் போதை கொள்ளும் உரிமை என்று ஒன்றை ஏற்கவில்லை. ஆனாலும் சொந்த உபயோகத்துக்கான சிறு அளவுக்கு வழக்கு நடத்துவதைத் தவிர்க்கச் சொன்னது. போர்ச்சுகல் 2001 முதல் பத்து நாள் அளவுக்கு உட்பட்டு வைத்திருப்போரைக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் பதில் ஆலோசனைக் குழுவிடம் அனுப்புகிறது. விற்பனை அங்கே இன்றும் குற்றம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021இல் இதே திசையில் போனது. சிகிச்சை வசதிகள் நேரத்துக்கு வந்து சேராமல், தெருவில் வெளிப்படையான பயன்பாடு பற்றிய புகார்கள் பெருக, 2024 செப்டம்பரில் மீண்டும் குற்றமாக்கியது.

நம் அரசியல் சாசனத்தில் இரண்டு பக்கத்துக்கும் இடம் உண்டு. உடல்நலத்துக்குக் கேடான போதைப்பொருள்களை, மருத்துவத் தேவை தவிர, தடுக்க முயல வேண்டும் என்கிறது 47ஆவது உறுப்பு. ஆகவே தடையே சாசனத்துக்கு விரோதம் என்று இங்கே வாதிடுவது கடினம். ஆனால் அது அரசுக்கான வழிகாட்டு நெறிதான். உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆவது உறுப்பு அடிப்படை உரிமை. அந்தரங்கமும் அதற்குள் அடக்கம் என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தடையை வைத்துக்கொண்டே விரைவான விசாரணை, எட்டும் தூரத்தில் சிகிச்சை, தாமதமானால் ஜாமீன் ஆகியவற்றைக் கேட்பதற்கு இதுவே போதும்.

இப்போதைய சட்டத்திலேயே ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது 50ஆம் பிரிவு. உடல் சோதனை செய்யும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை உண்டு என்று அதிகாரி சொல்லியாக வேண்டும். சொல்லாமல் உடம்பில் எடுத்த பொருளை வைத்துத் தண்டிக்க முடியாது. கையில் இருக்கும் பைக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.