பிக்கப்பை உயர்த்துமுன் பாரத்தைப் பாருங்கள்

மாரியில் வன்னியின் கிறவல் வீதிகள் சேறாகிவிடும். தற்காலிகக் குடியிருப்பிலிருந்து வயலுக்கு ஆட்களையும் விதைநெல்லையும் ஏற்றிச் செல்லும் பிக்கப்பின் அடி தரையில் தட்டும். உயரமான கொயில் ஸ்பிரிங் போடுவோமா என்ற யோசனை அப்போதுதான் வருகிறது.

முதலில் வாகனத்தின் கீழே குனிந்து பாருங்கள். 2005ஆம் ஆண்டு வகை முதல் ரொயோட்டா ஹைலக்சின் முன்புறம் கொயில் ஸ்பிரிங். பின்புறம் பட்டை ஸ்பிரிங். மூட்டைகளின் பாரம் பெரும்பாலும் பின்புறத்திலேயே தங்கும். முன்னை மட்டும் மாற்றுவது அதற்கு உதவாது.

உயரத்தை அல்ல, அன்றாடம் ஏற்றும் பாரத்தை வைத்தே தெரிவு செய்ய வேண்டும். 1 மில்லிமீற்றர் அமிழ 10 கிலோ தேவைப்படும் ஸ்பிரிங், 200 கிலோ கூடினால் 20 மில்லிமீற்றர் அமிழும். மிகக் கடினமானதைப் போட்டால் பாரமில்லாத வாகனம் துள்ளும். சில்லு பிடிமானத்தை இழக்கும்.

ஸ்பிரிங் உடலைத்தான் உயர்த்தும். பின் அச்சின் நடுவிலுள்ள டிபரென்சலை உயர்த்தப் பெரிய ரயர் வேண்டும். உயரம் கூடக்கூட வாகனம் கவிழும் அபாயமும் கூடும். குளக்கட்டில், பின்னால் ஆட்கள் இருக்கையில், இது உயிர்ப் பிரச்சினை.

ஆகவே இரு பக்கமும் சோடியாக மாற்றுங்கள். பிரேக் குழாய் இழுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சில்லுகளின் நேரையும் சரிபார்ப்பியுங்கள். தளர்ந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக அதே அளவில் புதியது போடுவதே பல வேளைகளில் போதும்.