துவிச்சக்கர வண்டியும் வீட்டுக் கருவிகளும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் சில கல் தொலைவிலேயே முரசுமோட்டை எதிர்ப்படுகிறது. இரணைமடுக் குளத்து நீரால் நெல் விளையும் ஊர் அது. அங்கே வீடு ஓரிடம், வயல் வேறோரிடம், பள்ளிக்கூடமும் கடையும் இன்னோரிடம். இவற்றையெல்லாம் ஒன்றாகப் பிணைத்து வைத்திருப்பது துவிச்சக்கர வண்டி.

1990களில் வன்னிக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்தபோது ஆளையும் பொருளையும் சுமந்தது அதுவே. 2009 ஜனவரியில் போர் நெருங்கிவரக் குடும்பங்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்த வேளையிலும் மூட்டை முடிச்சுகள் பல அதன்மேலேதான் ஏறின. 2022இல் பெற்றோலுக்கு நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, ஒதுக்கி வைத்த சைக்கிளைப் பலர் மீண்டும் தேடினர்.

இத்தகைய வண்டி நடு வயலில் காற்றுப் போய் நின்றால் நேர்வது என்ன? அதைக் கடைவரை உருட்டிச் சென்று மீள்வதற்குள், வாய்க்காலில் நீர் பாய்ச்சும் முறை கடந்துவிடக்கூடும். பெரும்பாலான பழுதுகளை வீட்டிலேயே நீக்கலாம் என்பதை அறிந்தவர்க்கு இந்த இழப்பு இல்லை. வேண்டிய கருவிகளும் அரியன அல்ல. இரண்டு தேக்கரண்டி, ஒரு வாளி நீர், நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பனர், பழைய பற்தூரிகை, கந்தைத் துணி, தையல் இயந்திர எண்ணெய், பிள்ளைகளின் அடிமட்டம் ஆகியவையே போதும்.

காற்று இறங்கியவுடன் ரயரைக் கழற்ற முனைவது தவறு. முதலில் வால்கட்டையின் வாயில் சிறிது எச்சில் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி எழுந்தால் குறை அங்கேதான். பழைய வகை வால்கட்டையில் ஒரு சிறு துளையை மெல்லிய இரப்பர்க் குழாய் போர்த்தியிருக்கும். வெளியிலிருந்து அடிக்கும் காற்று அவ்விரப்பரை விரித்துக்கொண்டு உட்புகும். உள்ளேயுள்ள அழுத்தம் அதே இரப்பரை இறுக்கித் துளையை அடைக்கும். வெயிலில் அது வெடித்துப்போனால் காற்று கசியும். அதை மாற்றினாலே போதுமானது.

ரியூப்பில் துளை இருந்தால் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. கரண்டிக் காம்புகளால் ரயரின் ஒருபக்க விளிம்பை நெம்பி, ரியூப்பை வெளியே இழுத்து, காற்றடித்து, பகுதி பகுதியாக நீரில் அமிழ்த்தினால் குமிழி துளையைக் காட்டிக் கொடுக்கும். அவ்விடத்தை நன்கு உலர்த்தி அரத்தால் உரசிச் சொலூஷனை மெல்லியதாகப் பூச வேண்டும். பசை ஈரமாயிருக்கும்போதே ஒட்டுத்துண்டை வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. கரைப்பான் ஆவியாகி, விரலில் பிசுபிசுக்கும் நிலை வந்தபின்பே ஒட்டு பிடிக்கும். ஒட்டுத்துண்டு வட்டமாக இருத்தல் நன்று. மூலைகள் இருப்பின் அங்கிருந்தே அது கிளம்பும். ரயரின் உட்புறத்தைத் துணியால் தடவி முள்ளைத் தேடி எடுக்காவிடின், ஒட்டிய ரியூப் மறுநாளே மீண்டும் துளைபடும். விளிம்பை மீளப் பொருத்தும்போது வால்கட்டைக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்கட்டையருகே முடித்தால் கடைசிப் பகுதி எளிதில் உள்ளே செல்லும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது செயின். கோடையில் புழுதியும் மாரியில் சேறும் அதன் பகைவர். மண்ணெண்ணெயில் தோய்த்த தூரிகையால் அழுக்கைத் தேய்த்து, நன்கு உலர்ந்தபின் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மிகுதியைத் துணியால் துடைத்துவிட வேண்டும். செயினின் வெளிப்புறத்தில் நிற்கும் எண்ணெய் மணலையே சேர்க்கும்.

செயினின் தேய்வை அளக்க அடிமட்டமே போதும். புதிய செயினில் ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிவரை அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் காட்டும். அதே 24 இடைவெளிகள் 12 அங்குலத்தைவிட எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாகக் காட்டினால் அச்செயின் பற்சக்கரங்களையும் தின்னத் தொடங்கியிருக்கும்.

பிறேக் கட்டைகள் றிம்மின்மேல் முழுமையாகப் படிகின்றனவா என்று பார்ப்பதும், றிம்மில் எண்ணெய் படாமல் காப்பதும் உயிரோடு தொடர்புடையவை. பெடலைக் கழற்ற முயல்வோர் ஒன்றை மறத்தலாகாது: இடப்பக்கப் பெடலின் புரி எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. வழக்கம்போல் திருப்பினால் அது கழலாது, மேலும் இறுகும்.

வீட்டுக் கருவிக்கு எல்லையும் உண்டு. வளைந்த முன்கவை, வெடித்த சட்டம், கோணிய சக்கரம் ஆகியவற்றைத் தேர்ந்த தொழிலாளியிடமே ஒப்படைக்க வேண்டும். எஞ்சியவற்றுக்குக் கிழமையில் அரைமணி நேரம் ஒதுக்கினால், விடியற்காலையில் வயலுக்கும் பள்ளிக்கும் புறப்படுவோரை வண்டி பாதிவழியில் நிறுத்திவைக்காது.